சைக்கியாட்ரி போஸ்டிங்கைச் சேதாரமில்லாமல் முடிப்பது எப்படி?

ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கைகளுக்கு: 2021 விதிமுறைப்படி சைக்கியாட்ரியில் இரண்டு வாரம் கட்டாயம். பிரசவ வார்டில் தூக்கம் தொலைத்துவிட்டு வருகிறீர்கள். இதை ஓய்வு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நீட் பி.ஜி. புத்தகம் போதும், ஸ்டெதாஸ்கோப் எதற்கு? மனநோயாளிக்கு நெஞ்சு வலித்தால் அதுவும் மனசுதான் என்று எழுதிப் பழகினால் பிற்காலத்தில் நிறைய நேரம் மிச்சம்.

கேஸ் எடுக்கச் சொன்னால் பழைய நோயாளியாகப் பார்த்துப் பிடியுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்ல நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே 93, 86, 79 என்று வந்து விழும். எத்தனை பேட்ச் பார்த்தவர்! 65-க்குப் பிறகு நீங்கள்தான் தடுமாறுவீர்கள். போனில் கால்குலேட்டரைத் திறந்து வையுங்கள். அடுத்து, தெருவில் ஸ்டாம்ப் ஒட்டிய கடிதம் கிடந்தால் என்ன செய்வீர்கள் என்ற புராதனக் கேள்வி. "இப்ப யாரு சார் லெட்டர் போடறா?" என்பார். நியாயம்தான். ஆனாலும் 'ஜட்ஜ்மென்ட் இம்பேர்டு' என்று எழுதிவிடுங்கள். லித்தியம் சாப்பிடுகிறவர் கை அதிகமாக நடுங்குது, வாந்தி வருது என்றால் பதற்றம் என்று குறியுங்கள். "ரத்தத்துல லெவல் பாத்தீங்களா சார்?" என்று அவரே கேட்பார். சிரித்து மழுப்புங்கள். அதை பி.ஜி.யிடம் போய்க் கேட்டீர்களோ, பாடம் ஆரம்பித்துவிடும், டீ ஆறிவிடும்.

மெடிசின் வார்டிலிருந்து 'எலி பேஸ்ட் கேஸ்' பார்க்கக் கூப்பிடுவார்கள். கணவரும் மாமியாரும் கட்டிலைச் சுற்றி நிற்கும்போதே, "ஏம்மா இப்படிப் பண்ணே?" என்று கேளுங்கள். "தெரியாமப் பண்ணிட்டேன் சார்" என்பாள். 'குடும்பத் தகராறு' என்று எழுதினால் வேலை முடிந்தது. சாகும் எண்ணம் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் நேராகக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால்தான் அந்த யோசனையே வரும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆய்வுக்கென்ன, அதற்கு ஓ.பி. கூட்டமா காத்திருக்கிறது?

அந்த வார்டில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா இருப்பார், ஜாக்கிரதை. உறவினர்களை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, சும்மா உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் பேசத் தொடங்குவாள். அக்கா கேட்கக் கூடாததையெல்லாம் நேராகவே கேட்பார், அவளும் சொல்வாள். அப்போது பக்கத்தில் நிற்காதீர்கள். நின்றால் நீங்கள் எழுதியதை அடித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும்.

லாக் புக்கில் கையெழுத்து வாங்க, சீஃப் ஓ.பி.யில் மூழ்கியிருக்கும் பதினொரு மணிக்குப் போங்கள். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். மதியம் போனால், என்ன கத்துக்கிட்டே என்று கேட்பார்.