புரிராமில் இரண்டு நாள்

கேள்வி: தாய்லாந்தில் கடற்கரைக் கூட்டம் இல்லாத மாகாணம் ஒன்றை வாடகைக் காரில் இரண்டு நாளில் சுற்ற இயலுமா?

பதில்: பாங்காக்கிற்கு வடகிழக்கே சுமார் 400 கி.மீ. தொலைவிலுள்ள புரிராமுக்கு அது தாராளம். வாகனங்கள் இந்தியாவைப் போலவே இடப்பக்கம் செல்வதால் புதிய பழக்கம் எதுவும் தேவையில்லை, ஓயாமல் ஹாரன் அடிக்கும் பழைய பழக்கத்தைத்தான் விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே பெற்றுக்கொண்டு, நாங் ரோங் என்னும் சிறுநகரில் தங்குவோர், அணைந்துபோன எரிமலையின் உச்சியில் கெமர் ஆட்சிக் காலத்தில் எழுந்த சிவாலயமான பனோம் ருங்கையும், கீழே சமவெளியில் குளங்கள் சூழ்ந்த முவாங் தாம் கோயிலையும் ஒரே நாளில் காணலாம். மறுநாளுக்குப் புரிராம் நகரை ஒட்டிய காவோ கிரடோங் எரிமலை வாய் போதும்.

பனோம் ருங்கில் நேர்கோட்டில் அமைந்த 15 வாயில்களின் ஊடே ஏப்ரல், செப்டம்பர் மாதங்களின் சில நாள்களில் உதயசூரியன் தெரியும். அந்நாள்களில் சூரியன் கிடைத்தாலும் அறை கிடைப்பது அரிது. உத்திரக் கல்லில், அதாவது வாயில் நிலைக்கு மேலே கிடத்தப்பட்ட சிற்பக் கல்லில், பள்ளிகொண்ட திருமாலைக் காணத் தவறக் கூடாது: 1960களில் களவுபோய்ச் சிகாகோவின் கலைக்கூடம் ஒன்றை அடைந்த அவர், 1988இல்தான் தாயகம் திரும்பினார், படுத்தபடியே அவ்வளவு தூரம் போய்வந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.