சுழி சரியில்ல

டேய் பேராண்டி, ஜெர்மனியில படிக்க இடம் கெடச்சதுலருந்து உன் கால் தரையில பாவல. நேத்து ராத்திரி திண்ணையில உட்கார்ந்து எனக்கு என்னமோ வகுப்பு எடுத்தியே: "தாத்தா, அங்க ஐரோப்பிய ஒன்றியத்துல 27 நாடும் ஒரே சந்தை. எல்லையில வரி கெடையாது, தடுப்பு கெடையாது. சரக்கு, சனம், சேவை, காசு நாலும் தண்ணி மாதிரி ஓடும்." நான் வெத்தலைய மென்னுக்கிட்டே தலையாட்டுனேன். முப்பது வருசம் மாட்டுத் தரகு பார்த்தவனுக்கே சந்தையைப் பத்திச் சொல்லித்தர்றான்னா, இந்தப் பய கண்டிப்பா மேல்படிப்புதான் படிக்கப் போறான்னு நெனச்சுக்கிட்டேன்.

அடுத்தவன் சரக்கைத் தடுக்க வரி எதுக்குடா? ஒரு தடவை மணப்பாறைச் சந்தைக்கு வெளியூர்க்காரன் ஒருத்தன் ஜோடிக் காளை ஓட்டிட்டு வந்தான். தங்கமான காளை. பக்கத்துலயே என் மச்சினன் காளை கட்டிக் கெடக்கு, ஏறெடுத்துப் பார்க்க ஆளில்ல. வாங்க வந்த சம்சாரி, விலை பேசத் துண்டை எடுத்து கையில போர்த்திட்டாரு. நான் மெல்லக் கிட்டப் போயி, "மாடு நல்லாத்தான் இருக்கு… முதுகுல அந்தச் சுழிதான்… பாடைச் சுழியாட்டம் தெரியுது. எனக்கென்ன, உங்க குடும்பம் நல்லா இருக்கணுமேன்னு சொன்னேன்"ன்னேன். துண்டு மறுபடி தோளுக்குப் போயிருச்சு. சாயங்காலம் மச்சினன் காளை வித்துப்போச்சு. பாவம்தான், ஒத்துக்கறேன். ஆனா தொழில் தெரிஞ்சுக்கிட்டேன்.

உன் அக்காவை விட்டு அந்த ஒன்றியத்துக் கோர்ட்டு வழக்கையெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். 1957ல ரோமாபுரியில 6 நாடு கூடி இந்தச் சந்தைக்காகக் கையெழுத்துப் போட்டுச்சு. 1968ல ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கிட்ட சுங்கவரியை எடுத்துட்டாங்க. அப்புறம் என்ன, அவனவன் சுழி பார்க்க உட்கார்ந்துட்டான்.

பிரான்சுல கசிஸ்னு ஒரு பழச் சாராயம். டிஜோன் பக்கத்துச் சரக்கு. அதுல ஆல்கஹால் 15லருந்து 20 சதம். ஜெர்மனிக் கம்பெனி ஒண்ணு அதை வாங்கிட்டு வந்து விக்கப் பார்த்துச்சு. கொண்டாரத் தடையில்ல, விக்கத்தான் கூடாதுன்னுட்டாங்க அதிகாரிங்க. என்ன குத்தம்? அந்த வகைப் பழச் சாராயத்துல 25 சதமாவது இருக்கணுமாம். போதை பத்தலைன்னு சாராயத்தைத் தடுத்த சர்க்காரை நீ எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா? அதுக்கு ஒரு காரணமும் சொன்னாங்க பாரு, நான் எழுந்து கும்பிட்டேன். லேசான சாராயம்தான் ஆளை மெதுவாக் குடிக்குப் பழக்கிருமாம், அதனால சனங்க ஆரோக்கியத்துக்காகத்தான் தடுக்கறோம்னாங்க! நான் சொன்ன அதே 'குடும்பம் நல்லா இருக்கணும்'தான். மொழி மட்டும் வேற.

லக்சம்பர்க்குல இருக்கற கோர்ட்டு 1979ல இந்தச் சுழியை ஏத்துக்கல. எத்தனை சதம்னு பாட்டில்ல ஒட்டு, குடிக்கறவன் படிச்சுக்குவான்னுருச்சு. ஒரு நாட்டுல முறைப்படி செஞ்சு வித்த சரக்கை இன்னொரு நாடு சும்மா நிறுத்தக்கூடாது, நிறுத்தணும்னா நெசமான காரணம் காட்டணும். 'பரஸ்பர அங்கீகாரம்'னு நீ வாய் நெறையச் சொன்னது இதைத்தாண்டா.

பெல்ஜியம் இன்னும் கெட்டி. மார்ஜரினை கனசதுரமாத்தான் கட்டி விக்கணும்னு சட்டம் போட்டிருந்துச்சு. ஜெர்மனிக்காரன் டப்பாவுல அடைச்சு அனுப்பினான். சதுரமா இல்லேன்னா சனங்க வெண்ணெய்னு நெனச்சு ஏமாந்துருவாங்களாம். அந்த ஊர்ல மார்ஜரின் விலை வெளியூரைவிட ஒசத்தி, ஆனாலும் வெளியூர்ச் சரக்கைக் காணோம். கோர்ட்டே 1982 தீர்ப்புல இதைச் சுட்டிக் காட்டியிருக்கு. விலை ஏறிக் கெடந்தும் வெளியூர் மாடு வரலைன்னா சுழிக்காரன் ஒருத்தன் வாசல்ல நிக்கறான்னு அர்த்தம். இதை எந்தக் காலேஜுலயும் உனக்குச் சொல்லித்தர மாட்டாங்க.

ஜெர்மனிக்காரன் பீரு விசயத்துல பாட்டன் காலத்து வழக்கத்தை இழுத்தான். இன்னின்னது மட்டும் போட்டுத்தான் காய்ச்சணும்னு பவேரியாவுல 1516லயே சட்டம் இருக்காம். 1987ல கோர்ட்டு சொல்லிருச்சு: உன் பாட்டன் முறையில நீ காய்ச்சிக்க, அடுத்தவன் காய்ச்சினதை பீருன்னு விக்கறதைத் தடுக்காத. இன்னைக்கும் அவன் அப்படித்தான் காய்ச்சறான். ஒண்ணும் குடி முழுகிப் போயிரல.

அதுக்காக எல்லாச் சுழியும் பொய்னு கெளம்பிராத. 1996ல இங்கிலாந்துல மாட்டுக்குப் பைத்தியம் பிடிக்கற நோய், மனுசனுக்கும் பரவுதுன்னு தெரிஞ்சு போச்சு. அந்த நாட்டு மாட்டுக்கறி வெளிய போகவே கூடாதுன்னு தடை போட்டாங்க. அது நெசமான சுழி. நானா இருந்தாலும் அந்தச் சந்தைப் பக்கம் போயிருக்க மாட்டேன். 1999ல நிபந்தனையோட தடையை எடுத்தாங்க. பிரான்ஸ் மட்டும் 'எங்களுக்கு இன்னும் பயமா இருக்கு'ன்னு கதவைச் சாத்தியே வச்சிருந்துச்சு. 2001ல கோர்ட்டு அதையும் தப்புன்னுச்சு. நெசத்துல தொடங்கி வசதியில முடியற சுழியும் உண்டு. கண்டுபிடிக்கறது கஷ்டம், தரகனுக்கே கஷ்டம்.

அடுத்தவன் மாட்டைப் பழிக்கறது ஒரு வித்தைன்னா, தன் தொழுவத்து மாட்டுக்கு மட்டும் ஊர்ச் செலவுல தீவனம் போடறது இன்னொண்ணு. அயர்லாந்து ஆப்பிள் கம்பெனிக்கு வரியில சலுகை காட்டுச்சு. 2016ல, 1,300 கோடி யூரோவை வட்டியோட வசூல் பண்ணுன்னு ஒன்றியத்துலருந்து அயர்லாந்துக்கு உத்தரவு வந்துச்சு. அயர்லாந்து என்ன பண்ணுச்சு தெரியுமா? எங்களுக்கு அந்தக் காசு வேண்டாம்னு வழக்குப் போட்டுச்சு! மாடு கயித்தை அவுத்துக்கிட்டு வேற தொழுவத்துக்குப் போயிருமோன்னு பயம். கடைசியா 2024ல தோத்துச்சு. காசை வாங்கியே தீரணும்னு கோர்ட்டு கட்டாயப்படுத்தின கூத்தை இந்தக் கட்டை கண்ணால பார்த்துருச்சு, போதும்.

இன்னொரு விசயம், மொகம் வாடாமக் கேளு. சனம் தண்ணி மாதிரி ஓடும்னியே, அது அவங்க நாட்டுச் சனத்துக்கு. நீ வெளியூர்க் காளை. உன் விசாவை வச்சு பாரீசைச் சுத்திப் பார்க்கலாம், அங்க போய் வேலையில உட்கார முடியாது. உள்ளேயே இருந்து வெளிய போனவன் கதையும் இருக்கு. 2021 ஜனவரியில, இங்கிலாந்து அந்தச் சந்தையை விட்டு விலகின புதுசு. நெதர்லாந்துத் துறைமுகத்துல அதிகாரிங்க லாரி டிரைவருங்ககிட்ட இருந்த பன்றிக்கறி சாண்ட்விச்சைப் பிடுங்கினாங்க. கறியை எடுத்துக்கிட்டு ரொட்டியையாவது குடுங்கன்னு ஒரு டிரைவர் கேட்டுப் பார்த்தான். அதுவும் கெடையாதுன்னுட்டாங்க. வெளிநாட்டுக் கறியும் பாலும் பையில வரக்கூடாது, அதான் சட்டம்.

அதனால, உன் பாட்டி ரெண்டு கிலோ நெய்யைக் காய்ச்சி உன் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காளே, அதை எடுத்து சத்தமில்லாம அடுப்படியில வச்சிரு. கருவாட்டை மட்டும் பெட்டியிலயே விட்டுரு. மீனு 20 கிலோ வரைக்கும் விடுவாங்களாம்.