இடித்துரைக்காத நண்பனும் புகழ்பெற்ற மோசமும்: ஒரு காரண காரிய ஆராய்ச்சி

உலகில் ஆண்டுதோறும் எத்தனையோ மோசமான படங்கள் வருகின்றன. எடுத்தவரின் சொந்தக்காரர்களே அவற்றை மறந்துவிடுகிறார்கள். ஒன்றிரண்டு மட்டும் சாகாவரம் பெறுவது ஏன்? கதை இல்லை, நடிப்பு வரவில்லை, காசு போதவில்லை என்று விமர்சகர்கள் அடுக்கும் காரணங்கள் சாதாரண மோசத்தை விளக்கலாம். புகழ்பெற்ற மோசத்தை விளக்கா. அதற்கு மூலகாரணம் ஒன்றே. அது, பக்கத்திலேயே இருந்தும் இடித்துரைக்காத நண்பன். இதை நிறுவுவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம். நட்பு கொள்வது கூடிச் சிரிக்க அன்று, வழி தவறும்போது கண்டிக்கவே என்று வள்ளுவர் வகுத்தார். கண்டித்துச் சொல்ல ஆளில்லாத அரசன் பகைவரே இல்லாவிட்டாலும் கெடுவான் என்றும் எச்சரித்தார். அப்படிக் கெட்ட அரசனுக்கு நள்ளிரவுக் காட்சிகள் ஹவுஸ்ஃபுல்லாக ஓடும் என்பதை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை.

முதன்மைச் சான்று ‘தி ரூம்’. 2003 ஜூன் 27 அன்று லாஸ் ஏஞ்சலஸில் வெளியான இப்படத்துக்கு எழுத்து, இயக்கம், தயாரிப்பு, கதாநாயகன் எல்லாம் டாமி வைஸோ என்னும் ஒருவரே. செலவு சுமார் 60 லட்சம் டாலர். முதல் இரண்டு வார வசூல் சுமார் 1,800 டாலர். மற்றவர்கள் வாடகைக்கு எடுக்கும் கருவிகளை அவர் விலைக்கு வாங்கினார். பிலிம் கேமராவையும் டிஜிட்டல் கேமராவையும் அருகருகே பொருத்தி, ஒரே காட்சியை ஒரே நேரத்தில் இரண்டிலும் எடுத்தார். மொட்டைமாடிக் காட்சிக்கு மாடி தேடாமல், வண்டி நிறுத்துமிடத்தில் மாடி செட் போட்டு, பின்னால் பச்சைத் திரை கட்டி, சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தைப் பிறகு ஒட்டிக்கொண்டார். அந்த மாடியில் நடப்பதைக் கூர்ந்து நோக்குக. காதலியை அடித்தான் என்று தன்மேல் விழுந்த பழியை மறுத்துப் புலம்பியபடி கதவைத் திறந்துகொண்டு வருகிறான் நாயகன். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் வீசுகிறான். வீசிய சூட்டோடு, அங்கே உட்கார்ந்திருக்கும் நண்பனைப் பார்த்து “ஓ, ஹாய் மார்க்” என்கிறான். துயரத்துக்கும் குசலத்துக்கும் நடுவே மூச்சு விடும் நேரம்கூட இல்லை. ஏழு வினாடியே வரும் இத்துண்டுக்கு 32 டேக்கும் மூன்று மணி நேரமும் ஆயினவாம். இன்னோரிடத்தில் காதலியின் தாயார் தமக்கு மார்பகப் புற்றுநோய் என்று போகிறபோக்கில் சொல்கிறார். அதன்பின் படத்தில் எவருக்கும், அவருக்கேகூட, அந்நோய் நினைவுக்கு வருவதில்லை. மேசைமேல் சட்டம் போட்டு வைத்திருக்கும் படத்தில் இருப்பது ஒரு ஸ்பூன். அது தெரியும்போதெல்லாம் ரசிகர்கள் திரையை நோக்கி பிளாஸ்டிக் ஸ்பூன்களை வீசுவது இன்று சடங்காகிவிட்டது.

இத்தனையும் நடந்தபோது அருகிலிருந்தவர் கிரெக் செஸ்டெரோ. மேற்படி மார்க் இவரே. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு நடிப்புப் பயிற்சி வகுப்பில் வைஸோவைச் சந்தித்தவர். பின்னர் லாஸ் ஏஞ்சலஸில் வைஸோவின் வீட்டில் தங்கி வாய்ப்புத் தேடியவர். இந்தக் கடைசிச் செய்தி நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது: குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் எழுதிய திரைக்கதையைக் குறை சொல்வது எந்நாட்டிலும் எளிதன்று. ஜேம்ஸ் ஃபிராங்கோ இயக்கிய ‘தி டிசாஸ்டர் ஆர்ட்டிஸ்ட்’ (2017) என்ற நகைச்சுவைப் படம் இந்த மௌனத்தின் வரலாறுதான். ஜேம்ஸ் வைஸோவாகவும், தம்பி டேவ் ஃபிராங்கோ செஸ்டெரோவாகவும் வருகிறார்கள். வகுப்பில் வைஸோ மேடையில் உருண்டு புரண்டு அலறும்போது மற்றவர்கள் நெளிய, செஸ்டெரோ மட்டும் அதில் அச்சமின்மையைக் காண்கிறார். மோசத்தின் வித்து விழுந்த இடம் அது. அவரும் பின்னால் வெடிக்கத்தான் செய்கிறார். ஆனால் படப்பிடிப்பு முடியும் தறுவாயில். காலம் கடந்த இடித்துரை கணக்கில் சேராது.

இனி மறுப்புகளைப் பார்ப்போம். பணத்திமிரே காரணம், நண்பன் அல்லன் என்பார் உளர். அது பொருந்தாது, என்னை? ‘பிளான் 9 ஃபிரம் அவுட்டர் ஸ்பேஸ்’ எடுத்த எட் வுட்டிடம் பணமே இல்லை. அதில் தோன்றும் நடிகர் பேலா லுகோசி 1956-இல் இறந்துபோக, அவருக்குப் பதிலாகத் தம் மனைவிக்கு முதுகெலும்பு வைத்தியம் பார்த்தவரை அழைத்து, அங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். உயரமும் பொருந்தவில்லை, முகமும் பொருந்தவில்லை, வைத்தியரோ மறுக்கவில்லை. பணம் இல்லாத இடத்திலும் மறுக்காதவர் இருந்தார் என்பது காண்க. அற்றேல், ‘தி ரூம்’ செட்டிலிருந்த மற்றவர்கள் ஏன் தடுக்கவில்லை எனின், அவர்கள் சம்பளக்காரர்கள். ‘தி டிசாஸ்டர் ஆர்ட்டிஸ்ட்’ படத்தில் சேத் ரோகன் நடித்த திரைக்கதை மேற்பார்வையாளர் பாத்திரம் குறைகளை எடுத்துச் சொல்கிறது; ஆயினும் தமக்குத் தந்த செக் வங்கியில் பாஸானதே அவருக்குப் பெரிய அதிசயமாக இருக்கிறது. செக் பாஸானால் சம்பளக்காரனுக்குப் போதும். அதற்குமேல் வாதாடும் உரிமை நண்பனுக்கே உண்டு. இனி, ‘தி ரூம்’ வேண்டுமென்றே எடுத்த அவலநகைச்சுவை என்று வைஸோவே பின்னாளில் சொன்னாரே எனின், கேலிக்காகப் படம் எடுப்பவர் ஆஸ்கர் தகுதிக்காக அதை இரண்டு வாரம் தம் செலவில் ஓட்டமாட்டார். ஹாலிவுட் சாலையோரத்தில் தம் முகத்தைப் பேனராக வைத்து ஆண்டுக்கணக்கில் வாடகை கட்டவும் மாட்டார்.

வலுவான மறுப்பு ஒன்று எஞ்சியிருக்கிறது. வேண்டியவர்கள் கூடினால் படம் மோசமாகும் என்றால், அண்ணன், தம்பி, நெடுநாள் நண்பர் சேத் ரோகன் என்று கூடி எடுத்த ‘தி டிசாஸ்டர் ஆர்ட்டிஸ்ட்’ எப்படி நன்றாக வந்தது? அது சான் செபாஸ்டியன் விழாவில் தங்கச் சிப்பி பெற்றது. தழுவல் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. விடை அப்படத்தின் முடிவிலேயே இருக்கிறது. அசல் காட்சிகளையும் தாங்கள் எடுத்த நகல்களையும் அருகருகே ஓட்டிக் காட்டுகிறார்கள்: அதே பாட்டில், அதே வீச்சு, அதே அபத்தமான தாவல். நகல் எடுப்பவனுக்கு அசலே கண்டிப்பான வாத்தியார். கை ஓர் அங்குலம் தவறினாலும் ‘தி ரூம்’ அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வைஸோவுக்குக் கிடைக்காத இடித்துரைப்பவர் ஃபிராங்கோவுக்குக் கிடைத்தார். அவர் வைஸோவின் படமே. தவறைத் திட்டமிட்டுச் செய்யும்போது அது தேர்ச்சியாகிவிடுகிறது. ஆகவே இவ்வெடுத்துக்காட்டு நம் கோட்பாட்டை மறுக்கவில்லை. அதற்கு அரண் செய்கிறது.

இறுதிச் சான்று எதிர்மறை வழியில் அமைவது. செஸ்டெரோ இடித்துரைக்காமலே போய்விடவில்லை. பத்தாண்டு தாமதித்து, 2013-இல் டாம் பிஸெல் என்பவருடன் சேர்ந்து ஒரு முழுப் புத்தகமாக இடித்துரைத்தார். ஃபிராங்கோ படத்துக்கு மூலம் அதுவே. அதன்பின்னும் நட்பு முறியவில்லை. செஸ்டெரோவே திரைக்கதை எழுத, இருவரும் சேர்ந்து ‘பெஸ்ட் ஃபிரண்ட்ஸ்’ என்ற படத்தில் நடித்தார்கள். இம்முறை பேனா, கண்டிக்கத் தெரிந்த நண்பனின் கையில் இருந்தது. விளைவு? அப்படம் ‘தி ரூம்’ அளவுக்கு மோசமாக வரவில்லை. ‘தி ரூம்’ புகழில் சிறு பங்குகூட அதற்குக் கிட்டவில்லை. எனவே படம் எடுக்கப் புறப்படுவோருக்கு இவ்வாராய்ச்சி சொல்லக்கூடியது இவ்வளவே: நல்ல படம் வேண்டுவோர் கண்டிக்கும் நண்பரைத் தேடுக, சாகாவரம் வேண்டுவோர் தம் வீட்டிலேயே ஒரு நண்பரைக் குடிவைத்து, வாடகை கேட்காதிருக்க.