பதினைந்துக்கு அசையாத பைத்தான்

யார் சொன்னாலும் நிற்காமல் ஓடுவதுதான் பைத்தான் ஸ்கிரிப்டுக்கு அழகு. கன்ட்ரோல்-சி அழுத்தினால் 2-ஆம் எண் சிக்னல் வரும். வெறும் 'எக்செப்ட்' போட்டு விழுங்கிவிடுங்கள். அடுத்து 15-ஆம் எண் சிக்டெர்ம், "கோப்பை மூடிவிட்டுக் கிளம்பப்பா" என்று பணிவாகக் கேட்கும். அதற்கு ஒரு ஹேண்ட்லர் எழுதி, உள்ளே 'பாஸ்' என்று மட்டும் வையுங்கள். கோரிக்கை பெறப்பட்டது, நடவடிக்கை இல்லை. தேர்ந்த நிர்வாகம்!

ஸ்கிரிப்டை டாக்கரில் ஓட்டினால், நிறுத்தச் சொன்ன பிறகு டாக்கர் வழக்கமாக 10 விநாடி பொறுக்கும். பொறுக்கட்டும். பிறகு வரும் 9-ஆம் எண் சிக்கில்லை எந்த நிரலாலும் பிடிக்க முடியாது. பாதி எழுதிய கோப்போடு வீரமரணம்.

மறுநாள் அதே ஸ்கிரிப்டை ஓட்டிப் பாருங்கள். அழிக்காமல் விட்ட பூட்டுக் கோப்பைக் காட்டி, "ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறேன்" என்று மறுக்கும். செத்த பிறகும் வருகைப் பதிவேட்டில் பெயர் நிற்கிறது. இந்தக் கடமையுணர்ச்சி வேறு யாருக்கு வரும்?