முட்டையின் கதவைச் சாத்துவது யார்?

கேள்வி: கோடிக்கணக்கான விந்தணுக்கள் புறப்பட்டாலும் முட்டைக்குள் ஒன்றுதான் நுழைகிறதாமே? மற்றவற்றுக்குக் கதவைச் சாத்துவது யார்?

பதில்: முட்டையேதான். காவலுக்கு வெளியாள் கிடையாது!

பாலூட்டிகளின் முட்டை, செல் பிரிவின் நடுவழியில் நின்றபடி காத்திருக்கும். முந்திய விந்தணு இணைந்ததும் ‘பிஎல்சி ஸீட்டா’ என்ற புரதத்தை உள்ளே விடுகிறது. உடனே கால்சியம் அலை அலையாக எழும். சுண்டெலி முட்டையில் இது சில மணி நேரம் நீடிக்கும். அதுவரை விளிம்பையொட்டிக் கிடந்த ஆயிரக்கணக்கான நுண்பைகள் சவ்வோடு இணைந்து, உள்ளிருப்பதை வெளியே கொட்டுகின்றன. அதிலுள்ள ‘ஓவாஸ்டசின்’ என்ற நொதி, முட்டையின் வெளியுறையில் இருக்கும் ‘இசட்பி2’ புரதத்தை வெட்டிவிடும். பின்னால் வரும் விந்தணுக்களுக்குப் பிடிமானமே இல்லை. எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு!

ஒரு பூட்டு போதாதென்று இன்னொன்றும் உண்டு. முட்டைச் சவ்வில் விந்தணுவைப் பிடித்துக்கொள்ளும் ‘ஜூனோ’ புரதத்தை 2014-ல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவன ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். சுண்டெலியில், கருவுற்ற சுமார் 40 நிமிடங்களில் இது சவ்விலிருந்து மறைந்துவிடுகிறது.

முயலின் கதையே வேறு. அங்கே பிந்திய விந்தணுக்களும் உறையைத் தாண்டிவிடும், சவ்வுதான் தடுக்கிறது.

இத்தனை கெடுபிடி தேவைதான். இரண்டு விந்தணுக்கள் நுழைந்தால் குரோமோசோம்கள் மூன்று தொகுதியாகிவிடும்; அத்தகைய கரு பெரும்பாலும் பிழைக்காது. அதனால்தான் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில், மறுநாள் காலை ஒவ்வொரு முட்டையிலும் உட்கருக்களை எண்ணிப் பார்க்கிறார்கள். இரண்டு இருந்தால் சரி. மூன்று இருந்தால் அதைக் கருப்பையில் வைப்பதில்லை.