கழுத்துத் தாங்கோணும் கண்ணு

வா அப்புனு, சித்த இப்படி உக்காரு. அந்தப் போனைக் கவுத்து வெய்யி. மூணு வாரமா நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். ராத்திரி பன்னெண்டு மணிக்கு உன்ற ரூம்புல வெளிச்சம் எரியுது. பொண்ணு கிண்ணு பாக்கறயோன்னு சந்தோசப்பட்டு, தண்ணி குடிக்கற சாக்குல எட்டிப் பாத்தா, நீ லாரி பாக்கறே. நானும் இந்த வயசுல காங்கேயம் காளையைப் பாத்துட்டு ஊர் ஊராத் திரிஞ்சவன்தான். அதனால உங்கம்மாகிட்டச் சொல்லாம போய்ப் படுத்துட்டேன்.

லாரின்னா உனக்குக் கோவம் வந்துருது. "லாரி இல்லீங்க அப்புச்சி, ஹெவி டியூட்டி பிக்கப்பு." சரி சாமி, பிக்கப்பு. மூக்கு என்ற நெஞ்சு ஒசரம் இருக்குது, ஏறறதுக்குப் படி வெச்சிருக்குது. கோயில் யானைக்குக்கூட இந்த ஏற்பாடு இல்லை, அது பாவம் முட்டி போடும். எதுக்குடா இத்தனை பெருசுன்னு கேட்டா, வீடு இழுக்கோணுங்கறே. கட்டிலு, அடுப்பு, கக்கூசு எல்லாம் வெச்ச சக்கர வீடு. டெக்சாசுல நாலு பெட்ரூம் வீட்டை வாங்கிப்போட்டு, அதுக்கு முப்பது வருசம் கடனும் கட்டிக்கிட்டு, லீவு வந்தா இன்னொரு வீட்டைப் பின்னால கட்டிக் கிராண்ட் கேன்யனுக்கு இழுத்துட்டுப் போறதுன்னா, உனக்கு நத்தையே தேவலை. அது ஒரு வீட்டோட நிறுத்திக்கிச்சு.

போன சனிக்கிழமை கூட்டிட்டுப் போனயே ஒரு கடைக்கு, அங்க அந்தத் தொப்பிக்காரன் பேசுனது எனக்கு ஒரு வார்த்தை புரியலை. ஆனா அவன் என்ன பேசறான்னு நல்லாப் புரிஞ்சுது. கண்ணபுரம் மாட்டுச்சந்தையில ஐம்பது வருசம் தரகனுங்களைப் பாத்தவன் நான். தரகன் திமிலைக் காட்டுவான், கொம்பைக் காட்டுவான், வாலை முறுக்கி ஓட உட்டுக் காட்டுவான். பல்லை மட்டும் காட்ட மாட்டான். இவனும் அப்படித்தான். மூடியைத் தூக்கி எஞ்சினைக் காட்டுனான், ஒரு உறுமு உறும உட்டான், "20,000 பவுண்டு இழுக்கும்"னான். நீ வாயைப் பொளந்துட்டு நின்னே. நான்தான் டிரைவர் கதவைத் தொறந்து, தூணுல ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி, அதுல என்னடா எழுதியிருக்குதுன்னு கேட்டேன். "ஆளும் சாமானும் சேர்ந்து இதுக்கு மேல ஏறக்கூடாது"ன்னு போட்டு 2,400 சொச்சம் பவுண்டுன்னு படிச்சே. தொப்பிக்காரன் மூஞ்சி அப்பத்தான் மொதல்முறையா என்ற பக்கம் திரும்புச்சு.

அந்தச் சீட்டுதான் கண்ணு மாட்டுக்குப் பல்லு. இழுக்கறது வேற, தாங்கறது வேற. நீ கம்ப்யூட்டர் படிச்சவன், உனக்கு இது தெரியாது. மொட்டை வண்டியில மஞ்ச மூட்டை ஏத்துன எவனுக்கும் தெரியும். பன்னெண்டு மூட்டை ஏத்துனாலும் அத்தனையும் சக்கரத்து மேலதான் நிக்கும், ஒரு பங்குதான் நொகத்துல உக்காரும். முன்பாரம் ஏறிப்போச்சுன்னா மாட்டுக் கழுத்து புண்ணாயிரும். பின்பாரம் ஏறிப்போச்சுன்னா அதைவிட மோசம், ஏர்க்கால் மேல தூக்கும், பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும், மாடு முழி பிதுங்கி நிக்கும். அதனாலதான் உங்க தாத்தன் காலத்துலயே மூட்டையை ஏத்திப்போட்டு, நொகத்தைக் கையில தூக்கிப் பாத்துட்டு, அப்பறம் மாட்டைப் பூட்டுவாங்க.

இங்கயும் அதே கணக்கைத்தான் இங்கிலீசுல வெச்சிருக்கறாங்க. பின்னால பந்துக் கொக்கியில மாட்டற வண்டின்னா மொத்த எடையில நூத்துக்குப் பத்துலருந்து பதினஞ்சு பங்கு கொக்கி மேல உக்காரோணும். கொறைஞ்சுதுன்னா பின்பாரக் கதைதான், ஓட்டத்துல வால் ஆட்ட ஆரம்பிச்சுரும், பத்து டயரு வண்டிக்காரனும் ஒதுங்கி நிப்பான். நீ கேக்கறது அந்த வகை இல்லை. பிக்கப்பு முதுகு மேலயே கொண்டாந்து உக்கார வெக்கற ஃபிஃப்த் வீல் வகை. அதுக்கு நூத்துக்குப் பதினஞ்சுலருந்து இருபத்தஞ்சு பங்கு வரைக்கும் முதுகுல ஏறும். நீ பாத்து வெச்சிருக்கற சக்கர வீடு சாமானோட 14,000 பவுண்டு வரைக்கும் போகும்னு அதுலயே எழுதியிருக்குது. வெறும் வீட்டு எடையைச் சொல்லி ஏமாத்துவாங்க, அதை நம்பாதே. தொட்டியில 60 காலன் தண்ணி புடிச்சாலே 500 பவுண்டு.

நூத்துக்கு இருபதுன்னு வெய்யி. 2,800 பவுண்டு முதுகுல. எனக்குப் பவுண்டு வராது, நூறு கிலோ மூட்டையாச் சொல்றேன், பன்னெண்டே முக்கா மூட்டை. அந்தச் சீட்டுல இருக்கறது பதினோரு மூட்டை. வீட்டை மாட்டுன உடனேயே கணக்கு முடிஞ்சுபோச்சு. நீ இன்னும் ஏறவே இல்லை. கொக்கி இரும்பு ஒரு 150, நீங்க நாலு பேரு ஒரு 620, சில்லறைச் சாமான் ஒரு 200. ஆக மொத்தம் 3,770. பதினேழு மூட்டை கண்ணு. பதினோரு மூட்டை மாட்டு மேல பதினேழு மூட்டை. "20,000 இழுக்கும்"னு அவன் சொன்னது பொய்யில்லை, இழுக்கும். கழுத்து ஒடிஞ்சுக்கிட்டே இழுக்கும்.

இழுக்கற கணக்கை எப்படிப் போடறாங்கன்னு நீயே படிச்சுக் காட்டுனயே, எனக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு. அரிசோனாவுல கொலராடோ ஆத்தங்கரையில டேவிஸ் அணைன்னு ஒண்ணு. அங்கிருந்து கிழக்க ஏறற மலை ரோட்டுல, பதினோரு மைலுக்கு மேல, கிட்டத்தட்ட 3,000 அடி ஏத்தத்தை, கொளுத்தற வெயில்ல ஏசியை முழுசாப் போட்டுக்கிட்டு, பாரத்தோட 40 மைலு வேகம் கொறையாம ஏறோணும். பின்னால ரெட்டைச் சக்கரம்னா 35 போதும். நம்ம திம்பத்துல இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு ஏறுன லாரிக்காரனுக்குக்கூட அந்தப் பரிச்சை கொஞ்சம் மரியாதையாத்தான் தெரியும். ஆனா வண்டிக்குள்ள யாரு? டிரைவரும் பக்கத்துல ஒருத்தரும், ஆளுக்கு 150 பவுண்டுன்னு கணக்கு. அறுபத்தெட்டு கிலோ. இந்த வீட்டுல அறுபத்தெட்டு கிலோவுல யாரு இருக்கறாங்க சொல்லு? நான் ஒருத்தன்தான். நான் அடுத்த மாசம் ஊருக்குப் போயிருவேன்.

அப்பறம் இந்த முக்கா டன்னு, ஒரு டன்னுங்கற பேரை வெச்சு மயங்காதே. ஒரு காலத்துல சொமக்கற எடையை வெச்சு வந்த பேரு, இப்ப அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. கருப்பனுக்கு வெள்ளையன்னு பேரு வெச்ச மாதிரி. ஃபோர்டுல எஃப்-250, ராமுல 2500 எல்லாம் முக்கா டன்னு. அந்த வகையில பல வண்டியோட மொத்த எடையை 10,000 பவுண்டோட நிறுத்தி எழுதியிருப்பாங்க. ஒரு பவுண்டு தாண்டுனா வண்டி அடுத்த வகுப்புக்குப் போயிரும். அதுக்குள்ள டீசல் எஞ்சினு, தோல் சீட்டு, கண்ணாடிக் கூரைன்னு நீ ஆசைப்பட்டதெல்லாம் ஏற ஏற, சொமக்கற பங்கு எறங்கும். நீ கேட்ட ஒவ்வொரு சொகுசையும் உங்கம்மா மூட்டையில இருந்துதான் கழிக்கறான். அதனால ஒரு டன்னு வண்டியாப் பாரு, எஃப்-350, 3500 அந்த வகை. பின்னால ஒத்தைச் சக்கரம்னா 4,000 பவுண்டை ஒட்டிச் சொமக்கும், பதினெட்டு மூட்டை. ரெட்டைச் சக்கரம்னா 5,000த்தைத் தாண்டும். ஆனா அது எட்டடி அகலம். காபி வாங்கற சந்துக்குள்ள போனா நீ பின்னால வர்றதுக்கு ஊரே கூடித் தள்ளோணும்.

அதுமட்டுமில்லை. டெக்சாசுல வண்டியும் இழுவையும் சேர்ந்து எழுதுன எடை 26,000 பவுண்டுக்கு மேல போயி, இழுவை மட்டும் 10,000க்கு மேல இருந்தா, சொந்த உபயோகத்துக்கேன்னாலும் கிளாஸ் ஏ லைசென்சு எழுதோணும். ரெட்டைச் சக்கரம் 14,000, வீடு 14,000. கூட்டிப் பாரு. சாதா லைசென்சையே நீ ரெண்டாவது தடவைதான் வாங்குனேன்னு உங்கப்பாரு சொன்னாரு. நான் கேக்கலை, அவராச் சொன்னாரு.

டீசலா பெட்ரோலா? நீ எப்பவோ முடிவு பண்ணிட்டே, அந்தக் கடகட சத்தத்துக்கே. 1989-ல டாட்ஜ் பிக்கப்புல கம்மின்ஸ் எஞ்சினை வெச்சப்ப அதுக்கு 160 குதிரை சத்தி. இப்ப பிக்கப்பு டீசல் எஞ்சினு 500 வரைக்கும் போகுது. அத்தனை குதிரையும் பத்தாயிரம் டாலரை ஒட்டி எச்சாக் கேக்குது. வாரம் பூரா ஆபீசுக்கு அஞ்சு மைலு போயிட்டு வர்றதுக்கு டீசல் ஆகாது, சூடேறாமலே நின்னுட்டா புகை வடிகட்டி அடைச்சுக்கும். ஆனா வருசத்துக்கு நாலு தரம் மலைக்குப் போறேங்கறே. மேல போகப் போக காத்து மெலிசாகும், அப்ப டர்போ வெச்ச டீசல் மூச்சு வாங்காது. எனக்கு அதைவிட எறக்கம்தான் கவலை. சங்ககிரியில லாரி ஓட்டுன என்ற மச்சினன் எறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வர்றவனை டிரைவருன்னே சொல்ல மாட்டான். டீசல்ல எக்சாஸ்டு பிரேக்கு இருக்குது, எஞ்சினே புடிச்சு நிறுத்தும். அதுக்காகவே டீசல் வாங்கிக்க. சத்தத்துக்காகன்னு வெளிய சொல்லாதே.

அந்த டீசலுக்கு யூரியா ஊத்தோணும்னு சொன்னப்ப நீ கிண்டல் பண்றேன்னுதான் நெனச்சேன். டப்பாவைப் படிச்சுக் காட்டுனே, நூத்துக்கு 32.5 பங்கு யூரியா, மிச்சம் சுத்தமான தண்ணி. புகையில இருக்கற நஞ்சை அது முறிக்குதாம். மஞ்சக்காட்டுக்கு ஒரு மூட்டை யூரியா வாங்க சொசைட்டி வாசல்ல நான் நின்ன நிப்பு எனக்குத்தான் தெரியும். இங்க பெட்ரோல் பங்குல குழாய்ல வருது.

உள்ள மாட்டுத்தோல் சீட்டு போட்டு "கிங் ராஞ்ச்"னு முத்திரை குத்துன ஃபோர்டு ஒண்ணைப் பாத்து நீ தடவிக்கிட்டே நின்னே. அது தெக்கு டெக்சாசுல 1853-ல ஆரம்பிச்ச பண்ணை, எட்டு லட்சம் ஏக்கராவுக்கு மேல. அவங்க உருவாக்குன சாந்தா கெர்ட்ரூடிஸ் மாட்டுல எட்டுல மூணு பங்கு பிராமன் ரத்தம். பிராமன் மாடு எங்கிருந்து வந்துச்சு? நம்ம ஓங்கோல், கிர், காங்க்ரேஜ் வகையறாவுல இருந்துதான். திமிலை வெச்சே நான் கண்டுபுடிச்சுட்டேன். ஆக நீ அத்தனை டாலர் எச்சாக் குடுத்து உக்காரப் போறது நம்ம ஊரு மாட்டுக்குத் தூரத்துச் சொந்தத்து மேல. வேண்டாம், துணி சீட்டே எடு. சொமக்கறதுலயும் கொஞ்சம் மிச்சம்.

கடையில நிக்கறதை வாங்காதே. அது தரகனுக்கு எது வித்தா லாபமோ அப்படிச் சோடிச்ச மாடு. ஆர்டர் குடு. ஃபோர்டுன்னா கென்டக்கி, ராமுன்னா மெக்சிகோவுல சால்டில்லோ, செவின்னா ஃபிளின்ட்டு, எங்கயோ ஒரு பட்டறையில உன்ற பேருக்குச் செய்யட்டும், மாசக்கணக்குல ஆனா ஆகுது. ஃபிஃப்த் வீல் மாட்டற அமைப்பைக் கம்பெனியிலயே சட்டத்துல வெச்சு அனுப்பச் சொல்லு, பின்னால துளை போட்டு மாட்டிக்கலாம்னு நெனச்சா செலவு எச்சு. பின்பெட்டி எட்டடி எடு. குட்டைப் பெட்டியில ஒடிச்சுத் திருப்புனா வீட்டு மூலை வந்து உன்ற முதுகுக் கண்ணாடியை முத்தம் குடுக்கும். இழுவை பிரேக்கைக் கையில புடிக்கற கருவியும் கம்பெனியிலயே வரட்டும். கலரு? நீ சொன்ன அந்த இங்கிலீசுப் பேரெல்லாம் எனக்கு வேண்டாம், அது மயிலை. மயிலையே எடு, அழுக்குத் தெரியாது.

வெலை பேசறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. நம்ம சந்தையில துண்டைப் போட்டு மூடி வெரலைப் புடிச்சு வெலை பேசுவோம், பக்கத்துல நிக்கறவனுக்குக்கூடத் தெரியாது. இவன் அதுக்குப் பதிலா "மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன்"னு உள்ள போயி, காபி குடிச்சுப்போட்டு வருவான். மூணு தடவை போவான். நீ எழுந்திரிச்சு நடந்தீன்னா நாலாவது தடவை மேனேஜரே வருவாரு. பேசுன வெலை, முன்பணம் திரும்பக் கெடைக்குமா, வண்டி வந்தப்பறம் எச்சா ஒண்ணும் கேக்க மாட்டான்னு எல்லாத்தையும் கையெழுத்தோட வாங்கு. நம்ம சந்தையில வாக்கு போதும். இங்க வாக்குக்கும் ஒரு ஃபீசு போடுவான்.

வண்டி வந்ததும் வீட்டை மாட்டி, எல்லாரும் ஏறி, தண்ணி ரொப்பி, அப்படியே லாரிக்காரங்க நிக்கற பங்குல இருக்கற கேட் எடைமேடைக்குப் போ. முன்னச்சு, பின்னச்சு, இழுவைன்னு தனித்தனியா எடை போட்டுச் சீட்டு குடுப்பான். பதினேழு மூட்டைக்குப் பதினெட்டு மூட்டை வண்டி, மிச்சம் ஒரே ஒரு மூட்டை. அதுக்குள்ள உங்கம்மா கோயமுத்தூர் கிரைண்டரை ஏத்துவா, இருபது கிலோ அரிசியை ஏத்துவா, ஊறுகா ஜாடியை மடியிலயே வெச்சுக்குவா. நான் நாலு பேருக்கும் சேர்த்து 620-னு போட்டேனே, அதுல உங்கம்மா கணக்கு குத்துமதிப்புதான், பொண்ணைப் பெத்தவன் கொறைச்சுத்தான் போடுவேன். சரியான கணக்கை நீயே கேட்டு எழுதிக்க. மெதுவா, ஒரு பலகாரம் சுட்டு முடிச்சுச் சிரிச்ச மொகமா இருக்கறப்பக் கேளு. அவசரம் ஒண்ணுமில்லை, பதினெட்டாந்தேதிக்கு அப்பறமாக் கேளு. அன்னிக்கு ராத்திரிதான் எனக்குப் பிளைட்டு.