மூன்று ஸ்பூன் டீத்தூளில் முப்பது வருஷம்

எண்பதுகளில் நான் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தபோது, பழசு என்பது மறைக்க வேண்டிய சமாசாரம். கல்கத்தாவில் செய்த என் எலெக்ட்ரிக் கிட்டாரின் வெள்ளை பிக்கார்ட் (கம்பிகளுக்கு அடியில் உடலைக் காக்கும் பிளாஸ்டிக் தகடு), திருவிழா மேடைகளின் வெயிலிலும் சுற்றி நின்றவர்களின் பீடிப் புகையிலும் மெல்ல மஞ்சளாகிக்கொண்டிருந்தது. "ஜனங்க காசு குடுத்துக் கூப்பிடறாங்கப்பா, துடைச்சு எடுத்துட்டு வா" என்பார் குழுத் தலைவர். கச்சேரிக்கு முந்தின நாள் பல்பொடி போட்டுத் தேய்ப்பேன். மஞ்சள் போகாது, பளபளப்புதான் போகும். டோன் நாப் ஒன்று உடைந்ததும் ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைத்த கறுப்பு நாபைப் பொருத்தினேன். போட்டோக்காரர் வந்தால் அதைக் கையால் மறைத்துக்கொள்வேன்.

இப்போது அக்கா மகன் ஸ்ட்ராட் வாங்கியிருக்கிறான், ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார். பிளாஸ்டிக் எல்லாம் பால் வெள்ளை. "ரொம்பப் புதுசா இருக்கு மாமா, வெளிய எடுத்துட்டுப் போகவே கூச்சமா இருக்கு" என்றான். கம்பிகளைக் கழற்றினான். பிக்கார்ட், பிக்கப் கவர்கள், நாப்கள் எல்லாம் சமையலறைக்குப் போயின. பளபளப்பு இருந்தால் சாயம் ஒட்டாதாம், முதலில் மெல்லிய ஸ்டீல் உல்லால் தேய்த்தான். மூன்று ஸ்பூன் டீத்தூளில் கெட்டி டிகாக்‌ஷன். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும், சூடு இறங்கிய பிறகுதான் முக்க வேண்டும். நிறம் போதாவிட்டால் மறுபடியும் முக்கல். கடைசியாக, திருகு ஓட்டைகளிலும் எண்களின் பள்ளத்திலும் பிரவுன் ஷூ பாலிஷைத் தடவித் துடைத்தான்.

இது இவன் ஒருவனின் பைத்தியம் இல்லை. அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனியே 1995 முதல் 'ரெலிக்' என்ற பெயரில் புதுக் கிட்டார்களைத் தேய்த்து, கீறி, துருவேற்றி, கூடுதல் விலைக்கு விற்கிறது. அயர்லாந்தின் கிட்டார் கலைஞர் ரோரி கல்லகர் வாசித்து வாசித்தே பெயின்ட் உரிந்துபோன 1961 ஸ்ட்ராட்டுக்கு அதே சொட்டைகளோடு நகல்கள் வந்தன. பிக்கார்டிலும் இதே கதைதான்: 1959-ல் ஸ்ட்ராட்டின் பிக்கார்ட் செல்லுலாய்டுக்கு மாறியது. வெள்ளையாகப் பிறந்த அந்தத் தகடுகள் வயதாகி இளம்பச்சையாயின. இன்று பிறக்கும்போதே இளம்பச்சையாக 'மின்ட் கிரீன்' பிக்கார்ட் கிடைக்கிறது. அந்தச் செல்லுலாய்டு காலப்போக்கில் சுருங்கித் திருகுகளின் ஓரத்தில் விரிசல் விட்டதும் உண்டு. அதை நகலெடுக்கத்தான் ஆள் குறைவு.

முடித்த கிட்டாரை என் மடியில் வைத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் சொக்க வைக்கும் பழசு. "எல்லா நாப்லயும் நம்பர் ஒரே மாதிரி அழிஞ்சிருக்கேடா" என்றேன். ஸ்ட்ராட்டில் வால்யூம் நாப் வலதுகைச் சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதில்தான் எண்கள் முதலில் தேயும். கீழே கிடக்கும் டோன் நாபைப் பலர் தொடுவதே இல்லை, அது மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டிருக்கும். நாபைப் பிடுங்கிப் பார்த்தால் அடியில் வெயில் படாத இடம் வெள்ளை வட்டமாக நிற்க வேண்டும். இவனுடையதில் அங்கேயும் டீ.

திருடனாக இருந்தால் மாட்டிக்கொண்டதற்கு வெட்கப்பட்டிருப்பான். இவனோ போனை எடுத்துக் குறித்துக்கொண்டான். "செம பாயிண்ட் மாமா! அடுத்த செட்டுக்கு வட்டமா டேப் ஒட்டிட்டு முக்கறேன்." நான் வாசித்து வாசித்துத் தெரிந்துகொண்டது, சமையல் குறிப்பில் இன்னொரு வரியாகச் சேர்ந்தது.

டீயில் முக்கிய அடுத்த செட்டை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு, காயவைக்க மொட்டை மாடிக்குப் போனோம். அங்கே ஏற்கனவே ஒரு தட்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய சூப்பர் நின்டெண்டோ கேம் பாக்ஸின் மேல்மூடி, தலைமுடிக்குப் போடும் பெராக்சைடு க்ரீமைப் பூசிக்கொண்டு பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. வருஷக்கணக்கில் ஏறிய மஞ்சளை நீக்கப் பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் 2008 வாக்கில் பரப்பிய வைத்தியம் அது. பெராக்சைடு வேலை செய்ய வெயிலின் புற ஊதாக் கதிர் உதவும். வெள்ளை பிளாஸ்டிக்கை மஞ்சளாக்குவதும் அதே கதிர்தான்.

"என்னடா இது, இந்தத் தட்டுல மஞ்சளாக்கற, அந்தத் தட்டுல மஞ்சளை எடுக்கற?"

"கிட்டார் மஞ்சளா இருந்தா அனுபவம் மாமா. கேம் பாக்ஸ் மஞ்சளா இருந்தா பராமரிப்பு சரியில்லைன்னு அர்த்தம்" என்றான், இரண்டு தட்டையும் வெயில் பார்த்துத் திருப்பி வைத்தபடி.